நாய்க்குக் கட்டணமில்லை

நாய் பார்க்கப் போனோம்.
உண்மையில் மக்கின்னன் அம்மாள்தான்
எங்களைப் பார்த்தாள்.
வேலி உண்டா? உண்டு.
எத்தனை அடி? நான்கு.
உயரத்தை விடுங்கள்,
மண்ணுக்குள் எத்தனை அடி?
மோர்னா என்னைப் பார்த்தாள்.
நான் ஸ்கை தீவின் மழையைப் பார்த்தேன்.

கெய்ர்ன் டெரியர். கற்குவியலின் பெயர் கொண்ட இனம்.
பாறை இடுக்கில் பதுங்கும் நீர்நாயை விரட்ட
இங்குள்ளவர்கள் வளர்த்தெடுத்த நிலநாய்.
முழங்காலுக்கு எட்டாத உடம்பு,
துடைப்பக்கட்டை ரோமம்.
நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்களே,
அந்த வேலையே வைக்கவில்லை இந்த வால்.
கேரட்டைத் தலைகீழாக நட்டதுபோல்
பிறந்த அன்றே நின்றிருக்கிறது.

குட்டிகள் ஐந்து.
நாங்கள் முடிவுசெய்து வந்தது அமைதியானவனை,
அடுப்போரம் தூங்கிய வெளிறிய நிறத்தவனை.
பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுதான் தோது என்று
படித்திருந்தோம். ரூரி அவனுக்குப் பெயர்கூட எழுதிவைத்திருந்தான்.
அதற்குள் ஊனாவின் காலணிக் கயிற்றைக் கவ்வி
ஒருத்தி பின்னோக்கி இழுத்தாள்,
வலையில் பெருமீன் மாட்டியவள்போல்.

வீடு திரும்பியபோது எங்களிடம்
ஒரு கயிறு குறைவு,
ஒரு நாய் கூடுதல்.

ஸ்கெரி என்று அழைத்தோம்.
கடலில் தலை மட்டும் தெரியும் பாறைக்கு அந்தப் பெயர்.
படகுக்காரர்கள் மரியாதையாக விலகிப் போவார்கள்.
எங்களுக்கு விலக இடமில்லை, இரண்டு அறை வீடு.

நாற்காலிக் கால்கள். என் இடது பூட்ஸ்.
வா என்றால் யோசிப்பாள்.
நாம் சொன்னதில் நியாயம் இருந்தால் வருவாள்.
தபால்காரர் சீட்டி அடித்தால்
நியாயம் பார்க்காமல் ஓடுவாள்.
இரவில் மட்டும், யாருக்குக் காய்ச்சலோ
அவர்கள் கால்மாட்டில் இருப்பாள்,
கதவை எப்படித் திறந்தாள் என்று இன்றுவரை தெரியாது.

ஏழாம் மாதம், அக்டோபரில்,
மோர்னா நட்டு மூன்றே நாளான துலிப் கிழங்குகள்
முற்றம் முழுக்க.
மறுநாள் வேலிக்கடியில் ஒரு சுரங்கம்.
அதற்கு மறுநாள் டூகல்ட்
ஒரு உரச்சாக்கை எங்கள் வாசலில் வைத்தார்.
உள்ளே அவருடைய இரண்டு கோழிகள்.
திட்டவில்லை. பணமும் வாங்கவில்லை.
வாங்கியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்போம்.

இழுப்பறையில், தீர்ந்த பேட்டரிகளுக்கு அடியில்
மக்கின்னன் அம்மாள் கையெழுத்திட்ட தாள்:
முடியாவிட்டால் என்னிடமே கொண்டுவாருங்கள்.
காரணம் கேட்கமாட்டேன்.

சனிக்கிழமை காலைப் படகு.
மாலெய்க் துறையில் சீட்டுக் கொடுக்கும் பெண்
ஐஸ் ஆலையில் வேலைபார்க்கும் என்னை அறிவாள்.
பெரியவர் இரண்டு, சிறியவர் இரண்டு,
போய்வரத்தானே?
ஆமாம் என்றேன்.
நாய்க்குக் கட்டணமில்லை என்றாள்.

ஆகவே அவளுக்கு மட்டும்
போகவா, போய்வரவா என்று
யாரும் கேட்கவில்லை.

ரூரி கடல் பக்கமே திரும்பியிருந்தான்.
ஊனா ஒரு பிஸ்கட்டை
நூறு துண்டாக்கி ஊட்டிக்கொண்டிருந்தாள்,
கடைசித் துண்டு வரவே கூடாது என்பதுபோல்.
இயந்திரம் அதிர்ந்தபோது ஸ்கெரி நடுங்கினாள்.
எதற்கும் அஞ்சாதவள்.
வந்து என் பூட்ஸ்மேல் படுத்தாள்,
தான் கடிக்காமல் மிச்சம் வைத்த வலது பூட்ஸ்மேல்.

ஆர்மடேலில் பலகை இறங்கியது.
எல்லோரும் போனார்கள்.
நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.
இறங்கவில்லையா என்றான் படகுப் பையன்.
காற்று வாங்க வந்தோம் என்றாள் மோர்னா.
தொப்பி பறக்கும் புயற்காற்று அது.
அவன் வாயே திறக்கவில்லை.

வசந்தம்வரை சனிக்கிழமைதோறும்
டூகல்டின் கோழிக்கூண்டைப் பிள்ளைகள் கழுவ வேண்டும்
என்று பாதிக் கடலில் முடிவாயிற்று.
யார் சொன்னது என்று நினைவில்லை.

அன்று பிற்பகல் வேலியோரம்
இரண்டடி ஆழம் தோண்டத் தொடங்கினேன்,
கல் பதிக்க.
தோண்டுவது என்றதும் ஓடிவந்தாள்.
எதிர்ப்பக்கம் நின்று, முழு உற்சாகத்தோடு,
நான் அள்ளிப்போட்ட மண்ணையெல்லாம்
பின்னங்காலால் எனக்கே
திருப்பி அனுப்பினாள்.